பக்கத்து வீட்டு ஃபயர் பிட் புகை எங்க பெட்ரூம்லதான் வந்து படுக்குது, என்ன பண்றது?

மூடின_ஜன்னல் கேட்டது:

முதல்லயே சொல்லிடறேன், அவங்க மோசமான ஆளுங்க இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு தடவை உடம்பு முடியாமப் போனப்போ ராத்திரி ஒரு மணிக்கு காரை எடுத்துட்டு வந்து நின்னவரு அந்த அண்ணன். அதனாலதான் இத எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம மூணு மாசமா வாயை மூடிட்டு இருக்கேன்.

தோட்டத்துல வட்டமா ஒரு இரும்பு ஃபயர் பிட் வாங்கி வச்சிருக்காங்க. வெள்ளி, சனி, ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு மூட்டினா பத்தரை வரைக்கும் எரியும், சமையலுக்கெல்லாம் இல்ல, சும்மா சுத்தி உக்காந்து குளிர் காய்ஞ்சுட்டு பேசறதுக்கு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, சிரிப்பு சத்தம் கேட்டா நல்லாதான் இருக்கும். ஆனா அவங்க படுக்கப் போனப்புறமும் அது அணையறதில்ல, நீறு பூத்துப் போய் ஊமையா புகைஞ்சுட்டே கிடக்கும், அந்த நேரத்துல வர்ற நெடிதான் ரொம்ப மோசம்.

எங்க பெட்ரூம் ஜன்னலுக்கும் அந்த ஃபயர் பிட்டுக்கும் நடுவுல இருபது அடி இருந்தா பெருசு. ஜன்னல் எல்லாம் இறுக்க மூடிட்டுதான் படுக்கறோம், இருந்தாலும் காலைல தலையணை உறைய மோந்து பாத்தா புகை வாடை. சின்னவனுக்கு ஆறு வயசு, வீசிங் உண்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி தொண்டை கமற ஆரம்பிச்சான்னா திங்கள் செவ்வாய் வரைக்கும் இருமல்தான், இன்ஹேலர் இல்லாம தூங்க மாட்டான். போன தடவை டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வீட்டுல யாரு சிகரெட் பிடிக்கறீங்கன்னுதான். எங்க வீட்டுல யாரும் பிடிக்கறதில்ல, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

போன்ல ஏக்யூஐ ஆப் பாத்தா 'காற்று நல்லா இருக்கு'ன்னு பச்சைக் கலர்ல காட்டுது. நான்தான் ஓவரா கற்பனை பண்றேனா? வெறும் விறகுதானே, இவ்வளவு தூரம் பாதிக்குமா? பாதிக்கும்னா அவங்க மனசு கோணாம எப்படி சொல்றது, அது வரைக்கும் வீட்டுக்குள்ள என்ன பண்ணலாம்?


ஒத்த_வரி எழுதியது:

நேரா போய் சொல்லிடுங்க. நீங்க சொல்லாம அவங்களுக்கு எப்படி தெரியும்? மூணு மாசம் அமைதியா இருந்துட்டு ஒரு நாள் வெடிச்சீங்கன்னா அதுதான் உறவக் கெடுக்கும்.


லேப்_பூனை எழுதியது:

சிஸ், காத்து அளக்கறதுதான் என் பொழப்பே, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ஆப் பொய் சொல்லல, ஆனா அது உங்க வீட்டப் பத்திப் பேசவும் இல்ல. அந்த அளவீட்டு நிலையம் பல கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு கட்டடத்து மேல இருக்கும், உங்க பக்கத்து வீட்டுத் தோட்டம் அதுக்கு எப்படி தெரியும். போதாததுக்கு நிறைய இடத்துல காட்டற நம்பர் 24 மணி நேர சராசரி. சும்மா ஒரு கணக்கு போடுவோம், உங்க ஜன்னல் கிட்ட பிஎம் 2.5, அதாவது காத்துல மிதக்கற 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்கற நுண்துகள், மூணு மணி நேரம் 200 இருக்கு, மீதி 21 மணி நேரம் வெறும் 8தான்னு வைங்க. சராசரி எடுத்தா 32 வரும். 32ங்கறது பாக்க ஏதோ சுமாரா இருக்கற மாதிரி இருக்கும், ஆனா உங்க பையன் மூச்சு விட்டது 200ல, அதுவும் தூங்கப் போற நேரத்துல. அந்த 32ஏ கூட அதிகம்தான், உலக சுகாதார நிறுவனம் 2021ல திருத்தின வழிகாட்டில ஒரு நாளைக்கு 15, வருஷ சராசரி 5 தான் இருக்கலாம்னு போட்டிருக்காங்க, எல்லாம் கன மீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்குல.

அடுத்தது, ஏன் மூடின ஜன்னல் தாண்டி வருது. மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, நம்ம தலைமுடி சுமாரா 50லேர்ந்து 70 மைக்ரான் தடிமன். விறகுப் புகைல இருக்கற துகள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கீழ. காத்து போற இடுக்கு எல்லாத்துலயும் அது போகும். மூக்குல இருக்கற முடியும் சளியும் பெரிய தூசியத்தான் பிடிக்கும், இது நேரா நுரையீரலோட கடைசி காத்துப்பை வரைக்கும் இறங்கிடும்.

ராத்திரிங்கறது இன்னொரு வில்லங்கம். வெயில் இறங்கினதும் தரை சீக்கிரம் குளிரும், தரைய ஒட்டின காத்தும் குளிரும், அதுக்கு மேல கொஞ்சம் சூடான காத்து மூடி போட்ட மாதிரி நின்னுக்கும். தீயோட சூட்டுல புகை கொஞ்ச தூரம் மேல போகும், சூடு ஆறினதும் அந்த மூடிக்குக் கீழயே அப்படியே படுத்துடும். காத்தே அசையாத, நட்சத்திரம் பளிச்சுனு தெரியற ராத்திரிலதான் எல்லாருக்கும் தீ மூட்டி உக்கார ஆசை வரும். புகை தங்கறதுக்கும் அதே ராத்திரிதான் தோது. இதுக்கு சிம்னி வேற கிடையாது, புகை கிளம்பறதே நம்ம மூக்கு உயரத்துல.

ஒண்ணு கேக்கறேன், நெடி வந்ததும் கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேன் போடறீங்களா? போட்டா நிறுத்திடுங்க. அது உள்ள இருக்கற காத்த வெளிய தள்ளத் தள்ள, அந்த இடத்த நிரப்ப வெளிக்காத்து கதவுக்கு அடில, ஜன்னல் இடுக்குலன்னு எல்லா வழியாவும் உள்ள வந்தே ஆகணும். புகைய வெத்தலை பாக்கு வச்சு கூப்பிடற மாதிரி.

இந்தத் துகள அளக்கற சின்ன லேசர் சென்சார் மீட்டர் ஒண்ணு வாங்கி பெட்ரூம்ல வைங்க. அது விறகுப் புகைக்கு கொஞ்சம் கூட்டியே காட்டும், பர்பிள்ஏர்ங்கற கம்பெனியோட இதே மாதிரி சென்சாருக்குன்னே அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இபிஏ தனியா ஒரு திருத்தக் கணக்கு வச்சிருக்கு, அதனால நம்பர அப்படியே வேதவாக்கா எடுத்துக்காதீங்க. ஆறரைக்கு எவ்வளவு இருந்துச்சு, எட்டரைக்கு எவ்வளவு ஆச்சுன்னு ஏறி இறங்கறதப் பாத்தா போதும். கற்பனையா இல்லையான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.


கங்கு_காதலன் எழுதியது:

நானும் வாராவாரம் மூட்டறவன்தான். இத படிச்சா ஏதோ ஃபேக்டரி நடத்தற மாதிரி இருக்கு 😅 ரோட்டுல லாரி போகுது, எல்லாரும் வண்டி ஓட்டறோம், அதெல்லாம் விட்டுட்டு வாரத்துல ஒரு நாள் குடும்பத்தோட தீ பக்கத்துல உக்காந்தா குத்தமா? மனுஷன் குகைல இருந்த காலத்துலேர்ந்து விறகு எரிச்சிட்டுதான் இருக்கான். விறகு இயற்கையானது, மரம் திரும்ப வளரும். எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு இருமல் கூட வந்ததில்ல. சிஸ் பையனுக்கு வீசிங் இருக்கறது கஷ்டம்தான், இல்லேன்னு சொல்லல, ஆனா அதுக்காக ஊர்ல யாருமே தீ மூட்டக் கூடாதுன்னா எப்படி?


பாதி_கெமிஸ்ட் எழுதியது:

@கங்கு_காதலன் ப்ரோ, யாரும் மூட்டவே கூடாதுன்னு சிஸ் சொல்லலையே, இன்னொரு தடவை படிங்க. புகையிலையும் இயற்கையா விளையற செடிதான், அதனால அந்தப் புகை நல்லதாயிடுச்சா? மரம் திரும்ப வளரும்ங்கறது கார்பன் கணக்கு, அது வேற பஞ்சாயத்து, நுரையீரலுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

புகைங்கறதே முழுசா எரியாத விறகுதான். பென்சீன், ஃபார்மால்டிஹைட், கண்ணு எரியறதுக்கு முக்கிய காரணமான அக்ரோலின், கார்பன் மோனாக்சைடு, பென்சோபைரீன் மாதிரி ஆட்கள் எல்லாம் அதுக்குள்ள இருக்காங்க, இதுல பல பேர் சிகரெட் புகையிலயும் இருக்கறவங்கதான். டாக்டர் சிகரெட் பத்தி கேட்டது ஒண்ணும் தப்பான சந்தேகம் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2013ல வெளிக்காத்து மாசையே புற்றுநோய் உண்டாக்கறதுன்னு முதல் பிரிவுல வச்சுட்டாங்க. வீட்டுக்குள்ள விறகு எரிக்கற புகை அதுக்கு முன்னாடியே 2ஏ பிரிவு, அதாவது அனேகமா உண்டாக்கும்னு. இதுக்காக ஒரு நாள் புகை பட்டா கேன்சர்னு பயமுறுத்தல, அதெல்லாம் வருஷக்கணக்கான விஷயம். ஆனா ஆஸ்துமா, இதய நோய் இருக்கறவங்களுக்கு சில மணி நேரப் புகையே போதும் அன்னிக்கே மோசமாக.

உங்களுக்கு இருமல் வரலைங்கறதுக்கும் காரணம் இருக்கு. தீ பக்கத்துல உக்காந்திருக்கறவன் மூக்கு சில நிமிஷத்துல பழகிடும். புகை மூஞ்சிக்கு வந்தா நீங்க நாற்காலிய அந்தப் பக்கம் நகத்திப்பீங்க. சிஸ் வீட்டுக் கட்டில நகத்த முடியாது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க.

இன்னொண்ணு, விறகுன்னு சொல்லிட்டு பழைய பேலட், பெயின்ட் அடிச்ச கட்டை, பிளைவுட் எல்லாம் போடறாங்களான்னு பாத்துக்கோங்க. பிளைவுட்ல பசை, பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், பூச்சி அரிக்காம இருக்க மருந்து ஏத்தின பழைய மரத்துல ஆர்செனிக் வரைக்கும் இருக்கலாம். அந்த சாம்பலக் கூட செடிக்குப் போடக் கூடாது.


மூடின_ஜன்னல் எழுதியது:

ஐயோ எக்ஸாஸ்ட் ஃபேன்! ஒவ்வொரு தடவையும் நெடி வந்ததும் முதல் வேலையா அதத்தான் ஓடிப் போய் போடுவேன். நானே இழுத்து உள்ள விட்டிருக்கேன் இத்தனை நாளா.

பேலட் எல்லாம் போடறதில்ல, நல்ல மரம்தான், போன மழைல விழுந்த மரத்த அறுத்து வேலியோரமா அடுக்கி வச்சிருக்காங்க, மேல ஒண்ணும் மூடல. மீட்டர் ஆர்டர் போட்டாச்சு. ஏர் பியூரிஃபையர் வாங்கினா பிரயோஜனம் இருக்குமா? ஈரத் துண்ட ஜன்னல்ல தொங்க விடச் சொல்றாங்க, அது?


ரெட்டைக்_குழந்தை_அம்மா எழுதியது:

ஈரத் துண்டு தொங்க விட்டா ரூம்ல ஈரம்தான் மிஞ்சும்மா. அத சுருட்டி கதவுக்கு அடில இருக்கற சந்துல வைங்க, அதுக்காவது உதவும்.

பியூரிஃபையர் உதவும், ஆனா பாத்து வாங்கணும். ஹெப்பா ஃபில்டர்னு இருக்கணும், 0.3 மைக்ரான் துகள்ல 99.97 சதவீதம் பிடிக்கற ரகம். அயனைசர், ஓசோன்னு விளம்பரம் பண்றது பக்கம் போகாதீங்க, ஓசோனே வீசிங்க தூண்டி விடும். சிஏடிஆர்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, மெஷின் எவ்வளவு வேகமா சுத்தமான காத்து குடுக்குதுங்கற கணக்கு, உங்க ரூம் சைஸுக்கு அது பத்துமான்னு பாருங்க, நான் முதல்ல அழகா இருக்குன்னு ஒரு குட்டி மெஷின் வாங்கி ஏமாந்தேன், அது டேபிள் மேல விளக்கு மாதிரி நின்னுச்சு அவ்வளவுதான். வீடு முழுக்க சுத்தம் பண்ணணும்னு நினைக்காதீங்க, பையன் தூங்கற ஒரே ரூம எடுத்துக்கோங்க, கதவ மூடி, அவங்க தீ மூட்டறதுக்கு முன்னாடியே ஓட விடுங்க. ஹெப்பா துகளத்தான் பிடிக்கும், வாடை வாயு வடிவத்துல வர்றது, அதுக்கு உள்ள கார்பன் அடுக்கு நல்ல கனமா இருக்கணும். வாடை கொஞ்சம் இருக்கறதாலயே மெஷின் வேலை செய்யலன்னு முடிவு பண்ணிடாதீங்க.

மெஷின் வாங்க முடியலேன்னா, பெட்டி ஃபேன் ஒண்ணு, மெர்வ் 13 ஃபில்டர் நாலு (மெர்வ்ங்கறது ஃபில்டர் எவ்வளவு நல்லா பிடிக்கும்ங்கற தர அளவு), டக்ட் டேப், ஒரு அட்டை. நாலு ஃபில்டரையும் சதுரமா நிக்க வச்சு, மேல ஃபேன், கீழ அட்டை, சுத்தி டேப். கோர்சி ரோசன்தால் பெட்டின்னு தேடினா வீடியோ கிடைக்கும், 2020ல ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால்னு ரெண்டு பேர் சொன்ன ஐடியா. எங்க வீட்டுல அதுதான் ஓடுது, பாக்க பார்சல் பெட்டிக்கு ஃபேன் முளைச்ச மாதிரி இருக்கும், வர்றவங்க எல்லாம் சிரிப்பாங்க.

முக்கியமா ஒண்ணு, வெளிய புகை அடங்கினதும் ஜன்னலத் திறந்து விடுங்க. வெளிக்காத்து தெளிஞ்சப்புறமும் மூடின ரூமுக்குள்ள அது மணிக்கணக்கா கிடக்கும். நாம பயந்துட்டு விடிய விடிய மூடியே வைப்போம், அது புகைய உள்ளயே ஊறுகாய் போடற கதை. டாக்டர்ட்ட பக்கத்துல விறகு எரியுதுன்னு தெளிவா சொல்லுங்க, இன்ஹேலர எப்போ எப்படின்னு அவர் திட்டம் போட்டுக் குடுப்பார்.


முன்னாள்_புகைவண்டி எழுதியது:

நான் உங்க பக்கத்து வீட்டு அண்ணன் இடத்துல இருந்தவன் சிஸ், அதனால அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன்.

எனக்கு சொன்னவங்க எதிர் வீட்டுப் பெரியம்மா ஒருத்தங்க. தீ எரிஞ்சுட்டு இருக்கறப்போ வரல, நண்பர்கள் முன்னாடி கேக்கல, ஒரு செவ்வாய்க்கிழமை காலைல செடிக்கு தண்ணி ஊத்திட்டு இருந்தப்போ வந்து 'தம்பி, சனிக்கிழமை ராத்திரி எனக்கு மூச்சு முட்டுச்சு, உன் தீன்னு நினைக்கறேன், கொஞ்சம் பாக்கறியா'ன்னாங்க. அவ்வளவுதான். நிறுத்துன்னு சொல்லியிருந்தா நானும் கங்கு ப்ரோ மாதிரி லாரி கதை பேசியிருப்பேன். பாக்கறியான்னு கேட்டதால பாத்தேன்.

சிஸ் சொன்ன விறகு அடுக்கு மேட்டர்தான் என்னைக் கேட்டா பாதி வியாதி. மழைல விழுந்த மரம், மூடாம அடுக்கினது, அது இன்னும் பச்சை விறகு. புதுசா வெட்டின மரத்துல பாதி எடை தண்ணியாவே இருக்கலாம், எரிக்கறதுக்கு ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ வரணும், அதுக்குப் பொளந்து, மேல மட்டும் மூடி, பக்கவாட்டுல காத்து போற மாதிரி அடுக்கி ஆறு மாசமாவது காயணும், கட்டி மரம்னா ஒரு வருஷம். நான் ஈரப்பத மீட்டர் வாங்கி ஒரு கட்டைய புதுசா பொளந்து உள்பக்கத்துல குத்திப் பாத்தேன், 34 காட்டுச்சு. வெளிய தொட்டா நல்லா காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. எரியறப்போ கட்டையோட முனைல நுரை கக்கி உஸ்ஸுன்னு சீறுதுன்னா தண்ணி வேகுதுன்னு அர்த்தம், அந்தத் தண்ணிய ஆவியாக்கவே சூடு போயிடும், மரம் சரியா எரியாது, மீதிதான் பக்கத்து வீட்டுக்குப் போற புகை.

தீ பெருசா இருந்தா புகை அதிகம்னு நினைப்போம். உண்மைல சின்னதா, நல்லா காத்து போய், தகதகன்னு எரியற தீதான் கம்மியா புகையும். பெரிய கட்டைய அடைச்சுப் போட்டு அமுக்கினா ஊமைப் புகைச்சல். அதனாலதான் அவங்க படுக்கப் போனப்புறம் உங்களுக்கு மோசமா இருக்கு, ஜுவாலை போயிடுச்சு, கங்கு மட்டும் மூச்சு விட்டுட்டு இருக்கு. தூங்கப் போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி, கிளறி, இன்னும் ஊத்தி, சீறல் சத்தம் நிக்கற வரைக்கும் விடக் கூடாது. இது புகைக்கு மட்டும் இல்ல, ராத்திரி காத்து கிளம்பினா பொறி பறந்து கூரை எரியும்.

'புகையில்லா' ஃபயர் பிட்னு ரெட்டைச் சுவர் வச்சது விக்கறாங்களே, அதயும் வாங்கினேன். சூடேறினப்புறம் கண்ணுக்குத் தெரியற புகை நிஜமாவே குறையும், மேல ஓட்டை வழியா சூடான காத்து வந்து புகையவே எரிக்குது. ஆனா மூட்டற முதல் கால் மணி நேரமும் கடைசில அணையற நேரமும் பழைய கதைதான், கண்ணுக்குத் தெரியாத துகள் எப்பவும் கொஞ்சம் இருக்கும், ஈரக் கட்டை போட்டா அதுவும் சாதா அடுப்புதான். முழுக்க நிம்மதி வேணும்னா கேஸ்ல எரியறது. நான் இப்போ அதுதான் வச்சிருக்கேன். விறகு வெடிக்கற அந்த சத்தம் இல்லையேன்னு இன்னிக்கும் ஏக்கம்தான், பொய் சொல்ல மாட்டேன்.


சட்டம்_பேசுவோம் எழுதியது:

பேசிப் பாத்தும் முடியலன்னா உங்க உள்ளாட்சில கேளுங்க, பல ஊர்ல திறந்தவெளில எரிக்கறதுக்கு நேரம், தூரம், எந்த நாள்னு விதி இருக்கும், விதி இல்லாட்டியும் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவுன்னு புகார் குடுக்க வழி உண்டு. சான் பிரான்சிஸ்கோ பே ஏரியால காத்து மோசம்னு அலர்ட் குடுத்த நாள்ல விறகு எரிக்கறது வீட்டுக்குள்ளயும் தடை, வெளியவும் தடை. எதுக்கும் தேதி, நேரம், மீட்டர் நம்பர் ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. ஆனா நீங்க சொல்ற அண்ணனுக்கு இதெல்லாம் தேவைப்படாதுன்னு தோணுது.


மூடின_ஜன்னல் எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

மீட்டர் வந்த முதல் சனிக்கிழமை: ஆறரைக்கு பெட்ரூம்ல 11. எட்டரைக்கு 96. பதினோரு மணிக்கு, அவங்க லைட் அணைச்சு உள்ள போனப்புறம், 163. கூட்டித்தான் காட்டும்னு லேப்_பூனை சொன்னதால பாதியா எடுத்துக்கிட்டேன், பாதியே எனக்குப் போதுமா இருந்துச்சு.

புதன்கிழமை சாயங்காலம் போனேன். வார்த்தை எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன், அங்க போனதும் எல்லாம் மறந்துடுச்சு. 'அண்ணா, சின்னவனுக்கு ராத்திரி இருமல், ஒரு தடவை எங்க ரூமுக்கு வந்து பாக்கறீங்களா'ன்னு மட்டும்தான் வந்துச்சு. வெள்ளிக்கிழமை அவங்க பொண்ணு தீ மூட்டி அரை மணி நேரம் ஆனப்புறம் அண்ணனும் அண்ணியும் வந்தாங்க. ரூம் வாசல்ல நின்னு அண்ணன் ஒரு இழுப்பு இழுத்தாரு, அப்புறம் ஜன்னல் கிட்ட போய் மூடியிருக்கான்னு கையால அமுக்கிப் பாத்தாரு. மூடித்தான் இருந்துச்சு. ஒண்ணும் பேசல. மீட்டரக் காட்டவே இல்ல நான், அதுக்குள்ள கீழ இறங்கிப் போய் தீல தண்ணி ஊத்திட்டாரு, எனக்குதான் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க சங்கடமாப் போச்சு.

இப்போ ஃபயர் பிட்ட தோட்டத்தோட அந்தக் கோடிக்கு மாத்தியிருக்காங்க, விறகு மேல ஷீட் போட்டாச்சு, அந்த அடுக்க அடுத்த வருஷம்தான் தொடுவேன்னு சொல்லிட்டாரு. மாசம் ரெண்டு தடவைதான், அதுவும் முன்னாடியே மெசேஜ் வருது. முழுசா தீந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன். போன ஞாயிறு அவங்க வீட்டுக்கு நிறைய பேர் வந்திருந்தாங்க, காத்து எங்க பக்கமா திரும்பி 70 வரைக்கும் போச்சு, ஒன்பது மணிக்கு அண்ணி 'சாரிமா, காத்து உங்க பக்கம் திரும்பிடுச்சு, அணைச்சுடறோம்'னு போட்டாங்க. நான் பெட்டிய ஹைல வச்சுட்டு சரி அண்ணின்னு போட்டேன்.


ரெட்டைக்_குழந்தை_அம்மா எழுதியது:

அட, பெட்டி செஞ்சாச்சா! அந்த சத்தத்துல பையன் தூங்கறானா? எங்க வீட்டுல முதல் வாரம் பெரிய ரகளை.


மூடின_ஜன்னல் எழுதியது:

அவன்தான் டேப் ஒட்டினான் அக்கா, ஃபில்டர் மேல கண்ணு மூக்கு வேற வரைஞ்சு வச்சிருக்கான். நேத்து தீ எதுவும் இல்லையேன்னு ஆஃப் பண்ணினேன், எழுந்து வந்து 'ஏன் நிறுத்தினே, தூக்கம் வரல'ங்கறான்.